ஊர்ப்புறக் கூட்டுச் சைக்கிள் பயணத்துக்குத் தடம் போட எந்தக் கருவி? நான்கின் மதிப்பீடு

தனியாகச் சைக்கிள் ஓட்டுபவர் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் பெரிய நட்டமில்லை. நின்று பார்த்து, வந்த வழியே திரும்பி, தொடர்ந்து போய்விடுவார். எண்பது பேர் சேர்ந்து போகும் பயணத்தில் அது அப்படி முடியாது. முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்தே பின்னால் வருபவர்களில் பலர் திரும்புவார்கள். தண்ணீர்க் கேன்கள் ஒரு சாலையில் காத்திருக்க, ஆட்கள் இன்னொரு சாலையில் போய்க்கொண்டிருப்பார்கள். கடைசியில் வரும் உதவி வண்டி யாரைத் தேடுவது என்று தெரியாமல் நிற்கும்.

ஆகவே வழித்தடம் போடும் செயலிகளை மதிப்பிடும்போது, ‘நல்ல வழி காட்டுகிறதா’ என்று மட்டும் கேட்டால் போதாது. ஏற்பாட்டாளர் முடிவு செய்த வழியை, ஒரு திருப்பம்கூட மாறாமல், எல்லார் கைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறதா என்று கேட்க வேண்டும். இந்த அளவுகோலில்தான் ரைடு வித் ஜிபிஎஸ், பிரௌட்டர், கோமூட், ஸ்ட்ராவா நான்கையும் இங்கே நிறுத்துப் பார்க்கிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வரையவும் பகிரவும் ரைடு வித் ஜிபிஎஸ். சாலையின் தரத்தைத் துருவிப் பார்க்க பிரௌட்டர். மற்ற இரண்டும் துணைக்கு. ஏன் என்பது விரிவாகவே சொல்ல வேண்டிய விஷயம்.

அடியில் இருப்பது ஒரே வரைபடம்

நான்கு கருவிகளும் பெரும்பாலும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவை நம்பியே இயங்குகின்றன. 2004-ல் தொடங்கிய இந்த வரைபடத்தைத் தன்னார்வலர்கள் வரைகிறார்கள். யார் வேண்டுமானாலும் திருத்தலாம். இதன் பலமும் பலவீனமும் இதுவே. நகரத்துக்குள் ஒவ்வொரு நடைபாதையும் குறிக்கப்பட்டிருக்கும். ஊர்ப்புறத்தில் பத்தாண்டுக்கு முன் யாரோ செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து இழுத்த கோடு அப்படியே கிடக்கும்.

ஒவ்வொரு சாலைக்கும் பல குறிச்சொற்கள் உண்டு. சைக்கிள்காரருக்கு முக்கியமானவை நான்கு: சாலை வகை, மேற்பரப்பு, வண்டித்தடத்தின் தரம், அனுமதி. மேற்பரப்புக் குறிச்சொல் இருந்தால் தாரா, கான்கிரீட்டா, சரளையா, மண்ணா என்று கருவிக்குத் தெரியும். இல்லையென்றால் சாலை வகையைப் பார்த்து அதுவே ஊகித்துக்கொள்ளும். தவறுகளில் பெரும்பங்கு இந்த ஊகத்தில்தான் பிறக்கிறது. வண்டித்தடங்களுக்கு 1 முதல் 5 வரை தரம் உண்டு. 1 என்றால் கெட்டித்தளம்; 5 என்றால் மெத்தென்ற மண், மழை பெய்தால் டயர் புதையும். சாலை வகைகளில் ‘அன்கிளாசிஃபைடு’ என்று ஒன்று வரும். வகை தெரியாத சாலை என்று அதைப் புரிந்துகொள்பவர்கள் அதிகம். உண்மையில் அது ஊர்களை இணைக்கும் சிறிய பொதுச்சாலை. கூட்டுப் பயணத்துக்குப் பெரும்பாலும் மிகப் பொருத்தமான வகை.

தவறு கண்டால் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே திருத்திவிடுங்கள். திருத்தம் எல்லாக் கருவிகளிலும் உடனே தெரியாது. ஒவ்வொன்றும் தன் தரவைப் புதுப்பிக்கும் வேகம் வேறு. பயணத் தேதிக்குச் சில வாரம் முன்பே இந்த வேலையைத் தொடங்கினால்தான் பலன் கிடைக்கும்.

ரைடு வித் ஜிபிஎஸ்: ஏற்பாட்டாளரின் மேசை

2007-ல் அமெரிக்காவின் ஓரிகனில் தொடங்கிய சேவை. ஆரம்பம் முதலே சைக்கிள் தடம் வரைவதுதான் இதன் மையத் தொழில். வரைபடத்தில் புள்ளி வைத்தால் சாலையைப் பிடித்துக்கொண்டு கோடு வளரும். பிடிக்காத இடத்தில் கோட்டை இழுத்து வேறு சாலையில் போடலாம். சாலையே வரைபடத்தில் இல்லாத இடத்தில் நேர்கோடு வரையும் முறைக்கு மாறி, கையால் வளைத்து வளைத்து வரையலாம்.

அந்த நேர்கோட்டு முறையில் ஒரு கண்ணி இருக்கிறது. கையால் வரைந்த பகுதியில் திருப்பக் குறிப்புகள் தானாக உருவாவதில்லை. கோடு திரையில் அழகாக வளைந்து போகும். கருவி ஒன்றும் சொல்லாமல் சும்மா இருக்கும். அந்தப் பகுதிக்குள் நுழையும் திருப்பம், உள்ளே இருக்கும் ஒவ்வொரு கிளைப்பாதை, வெளியேறும் இடம் எல்லாவற்றுக்கும் குறிப்பைக் கைப்படச் சேர்க்க வேண்டும்.

சாலையைப் பிடித்துப் போகும் முறையிலும் குறிப்புகளை அப்படியே நம்ப முடியாது. இரண்டு வகைப் பிழை வரும். சாலையின் பெயர் மாறும் இடத்தில் திருப்பமே இல்லாமல் ஒரு குறிப்பு எழும். அடிக்கடி இப்படி ஒலித்தால் ஓட்டுபவர்கள் கருவியைக் கவனிப்பதையே விட்டுவிடுவார்கள். இது தொல்லை மட்டுமே. இன்னொன்றுதான் ஆபத்து. சாலை இரண்டாகப் பிரியும்போது, தடம் போகும் கிளைக்கும் பழைய சாலைக்கும் ஒரே பெயர் இருந்தால், ‘நேரே போகிறது’ என்று கருவி எண்ணிக்கொண்டு குறிப்பே தராது. கண்ணுக்கு அங்கே நேர்ச்சாலை என்று தெரிவது மற்றக் கிளை. கூட்டமே அதில் போய்விடும். தடத்தை வரைந்து முடித்ததும், திரையைப் பெரிதாக்கி ஒவ்வொரு சந்திப்பாக நகர்ந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. 60 கி.மீ. தடத்துக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். அந்த ஒரு மணி நேரத்தைக் கஞ்சத்தனம் பார்க்காமல் செலவிடுங்கள்.

குறிப்பு எழுதுவதிலேயே இந்தக் கருவி மற்ற மூன்றையும் விட்டு வெகுதூரம் முன்னே நிற்கிறது. திருப்பத்தின் வகை, அதன் வாசகம், கூடுதல் விளக்கம் எல்லாம் உங்கள் கையில். தண்ணீர், உணவு, ஆபத்து, மேட்டின் உச்சி என்று தனிக் குறிகளும் உண்டு. ‘200 மீட்டரில் ரயில் தண்டவாளம், சாய்வாகக் குறுக்கிடுகிறது, சக்கரத்தைச் செங்கோணத்தில் கடத்தவும்’ என்று எழுதி, அது தண்டவாளத்துக்கு முன்பே திரையில் வரும்படி வைக்கலாம். சாய்வான தண்டவாளத்தில் மெல்லிய டயர் சிக்கி விழுவது கூட்டுப் பயணங்களில் நடக்கக்கூடிய மோசமான விபத்துகளில் ஒன்று. அதுவும் மழையில். ஒருவர் விழுந்தால் பின்னால் வரும் நால்வர் அவர்மேல் விழுவார்கள். இப்படி ஒரே ஒரு எச்சரிக்கைக் குறிப்பு வைக்க முடிகிறதா என்பதை வைத்தே கருவியைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது எங்கள் கருத்து.

உயர வரைபடத்தில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தால் அதன் நீளமும் சராசரிச் சரிவும் தெரியும். தளமிடாத சாலை எவ்வளவு என்ற விகிதமும் காட்டும். அந்த விகிதம் ஓபன்ஸ்ட்ரீட்மேப் குறிச்சொல்லை ஒட்டியது. குறிச்சொல் இல்லாத சாலையைப் பற்றி அது சொல்வதைத் தகவலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குழுக்களுக்கான கணக்கு தனியே உண்டு. குழு அதை வாங்கினால், அந்தக் குழுவின் தடங்களில் பங்கேற்பாளர்கள் தனிச்சந்தா இல்லாமலேயே கைப்பேசியில் குரல் வழிகாட்டலைப் பயன்படுத்தலாம். ஜிபிஎஸ் கருவி இல்லாதவர்கள் அதிகம் வரும் பயணத்தில் இது பெரிய வசதி. நிகழ்ச்சிக்கென்று ஒரு பக்கம் திறந்து 30, 60, 100 கி.மீ. தடங்களை ஒன்றாக வைக்கவும் முடியும். இலவசக் கணக்கில் வரைந்து சேமிக்கலாம். நுணுக்கமான திருத்த வசதிகள் சந்தாவுக்குள் இருக்கின்றன. ஆகவே தடம் போடும் ஒருவருக்காவது சந்தா இருப்பது நல்லது.

குறை? சாலையைத் தேர்வதில் இது கெட்டிக்காரக் கருவி இல்லை. இரண்டு புள்ளிகளுக்கு இடையே இது தரும் வழி சில நேரம் லாரிகள் ஓடும் நெடுஞ்சாலை. சில நேரம் தனியார் தோட்டத்துக்குள் போகும் தடம். புள்ளிகளை நெருக்கி வைத்து நீங்கள்தான் இதை மேய்க்க வேண்டும்.

பிரௌட்டர்: சாலையைப் பிரித்துக் காட்டுவது

பார்வைக்கு எளிமையானது, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, முற்றிலும் இலவசம், திறந்த மூலம். உலாவியிலும் இயங்கும், ஆண்ட்ராய்டில் இணையமில்லாமலும் இயங்கும். கூட்டுப் பயணத்துக்கு இதைப் பரிந்துரைக்கக் காரணம் இரண்டு.

ஒன்று, சுயவிவரங்கள், அதாவது எப்படிப்பட்ட சாலையைத் தேட வேண்டும் என்று சொல்லும் விதித்தொகுப்புகள். ‘டிரெக்கிங்’ என்ற சுயவிவரம் அமைதியான சாலையையும் சைக்கிள் பாதையையும் தேடும். ‘ஃபாஸ்ட்பைக்’ தளமிட்ட சாலையை விரும்பும். போக்குவரத்து குறைந்த சாலையைத் தேடும் அதன் மாறுபாடும் உண்டு. ஒரே இரண்டு புள்ளிகளுக்குச் சுயவிவரத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சுயவிவரத்திலும் முதல் வழியோடு மூன்று மாற்று வழிகளையும் கேட்கலாம். அப்பகுதியின் சிறுசாலைகள் எல்லாம் கால் மணி நேரத்தில் கண்முன் வந்துவிடும். போகக்கூடாத இடத்தை வட்டமாகக் குறித்துத் தடை போட்டுவிட்டால், அதைச் சுற்றியே வழி தேடும். அபாயமான ஒரு கூட்டுச்சாலையைத் தவிர்க்க இதைவிட விரைவான முறை கிடையாது.

இரண்டாவது காரணம், தரவு அட்டவணை. வரைந்த தடத்தை இது துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் நீளம், சரிவு, ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் உள்ள குறிச்சொற்கள் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டும். எந்தத் துண்டுக்கு மேற்பரப்புக் குறிச்சொல்லே இல்லை, எங்கே தரம் 4 அல்லது 5, எங்கே ‘தனியார்’ என்ற அனுமதிக் குறி, எங்கே சைக்கிளை இறங்கித் தள்ள வேண்டும் என்று இந்த அட்டவணையில் விரல் வைத்துப் பார்த்துவிடலாம். வழவழப்பான மற்றச் செயலிகள் இந்தத் தகவலை வண்ணப் பட்டைகளுக்குள் ஒளித்துவிடுகின்றன. இங்கே உள்ளது உள்ளபடி வருகிறது.

செய்முறை இப்படி இருக்கட்டும். ரைடு வித் ஜிபிஎஸ்ஸில் போட்ட தடத்தைக் கோப்பாக இறக்கி, பிரௌட்டரின் வரைபடத்தில் மேலடுக்காக ஏற்றுங்கள். அதன்மேலேயே புள்ளி வைத்து அதே வழியை மறுபடி வரையுங்கள். பிரௌட்டர் உங்கள் கோட்டைவிட்டு விலகி வேறு சாலையைப் பிடிக்கும் ஒவ்வொரு இடமும் சந்தேகத்துக்குரியது. பாதி இடங்களில் உங்கள் தேர்வே சரியாக இருக்கலாம். ஆனால் அது ஏன் விலகியது என்பதற்கான காரணம் அட்டவணையில் இருக்கும்: ஒரு வாயில்கதவு, ஆற்றுக்குள் இறங்கும் கடவு, ஒருவழிச்சாலை. அந்தக் காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போகாதீர்கள்.

தடத்தின் புள்ளிகள் எல்லாம் உலாவியின் முகவரி வரிக்குள்ளேயே இருப்பதால், அந்த இணைப்பை அனுப்பினால் குழுவில் இன்னொருவர் உடனே திறந்து திருத்தலாம். திருப்பக் குறிப்புகளைக் கைப்பட எழுதும் வசதிதான் இல்லை. அதனால் பங்கேற்பாளர்களுக்கான இறுதிக் கோப்பை இங்கிருந்து கொடுக்க வேண்டாம்.

கோமூட், ஸ்ட்ராவா

ஜெர்மனியில் 2010-ல் பிறந்த கோமூட் 2025-ல் பெண்டிங் ஸ்பூன்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது. சாலைச் சைக்கிள், சுற்றுலா, கிராவல் (சரளைத்தடம்), மலைச் சைக்கிள் என்று வகையைத் தேர்ந்தால் அதற்கேற்ப வழியை மாற்றித் தரும். சாலை வகையையும் மேற்பரப்பையும் பட்டையாகக் காட்டுவது கண்ணுக்குத் தெளிவு. தள்ளிக்கொண்டு போக வேண்டிய பகுதி இருந்தால் எச்சரிக்கும். பயனர்கள் குறித்துவைத்த நல்ல இடங்கள் இதன் தனிச்சிறப்பு. தெரியாத பகுதியில் முதல் கோட்டை இழுக்க இதைவிட இதமான கருவி இல்லை.

ஆனால் திருப்பக் குறிப்பை ஏற்பாட்டாளர் மாற்றி எழுத இது இடம் கொடுப்பதில்லை. கூட்டுப் பயணத்துக்கு இது ஒன்றே போதுமான மறுப்பு. வழியைத் தானே மேம்படுத்தித் தரும் அதன் குணமும் தனியாள் பயணத்துக்குத்தான் பொருந்தும். கிராவல் என்று தேர்ந்தால், தார்ச்சாலையை விட்டு மண்தடத்தைத் தேடிப் போகும். அகலமான டயர் வைத்திருப்பவருக்கு அது விருந்து. கூட்டத்தில் 25 மி.மீ. டயரோடு வந்திருப்பவருக்கு அது பஞ்சர்.

ஓட்டியவர்கள் தங்கள் பயணப் பதிவுகளைப் பகிரும் ஸ்ட்ராவாவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் வெப்ப வரைபடம். மக்கள் உண்மையில் ஓட்டிப் போன தடங்கள் ஒளிரும். பார்க்கும்போது செயல்வகையைச் சைக்கிள் என்று மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நடப்பவர்களின் ஒற்றையடிப் பாதையும் சேர்ந்து ஒளிரும். இரண்டு இணைச் சாலைகளில் ஒன்று பளிச்சென்றும் மற்றது மங்கலாகவும் இருந்தால், மங்கலுக்குக் காரணம் இருக்கக்கூடும். ஆனால் இருட்டாக இருப்பதாலேயே ஒரு சாலையைக் கழிக்காதீர்கள். போதிய அளவு வெவ்வேறு ஆட்கள் பதிவேற்றாத சாலை அந்த வரைபடத்தில் தெரியவே தெரியாது. ஊர்ப்புறத்தின் அருமையான சாலைகள் பல அப்படித்தான் இருட்டில் கிடக்கின்றன. பளிச்சென்று இருப்பதும் முழு உத்தரவாதமில்லை: வேகப் பயிற்சிக்காரர்கள் விடியற்காலையில் விரும்பும் அகன்ற நெடுஞ்சாலை, ஒன்பது மணிக்குக் குழந்தைகளோடு போக ஏற்றதாக இருக்காது.

கூகுள் மேப்ஸைத் தடம் வரையப் பயன்படுத்த வேண்டாம். தொடக்கப் புள்ளியையும் சேர்த்துப் பத்து இடங்களுக்கு மேல் வைக்க முடியாது, தடத்தைக் கருவிக்குக் கொண்டுபோகும் ஜிபிஎக்ஸ் கோப்பும் தராது. அதன் தெருப்படங்களை மட்டும் பயன்படுத்துங்கள். சந்திப்புகளில் பார்வைத் தூரம் எவ்வளவு, சாலையோரம் நிற்க இடம் உண்டா என்பதை உட்கார்ந்த இடத்தில் பார்க்கலாம். படம் எடுத்த மாதமும் ஆண்டும் அதிலேயே இருக்கும்; அதைப் படிக்காமல் படத்தை நம்பக் கூடாது.

ஏற்றக் கணக்கு ஏன் ஒத்துப்போவதில்லை

ஒரே கோட்டை நான்கு கருவியிலும் போட்டால் நீளம் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். மொத்த ஏற்றம் மட்டும் நான்கு விதமாக வரும். எது சரி என்ற சண்டை ஏற்பாட்டுக் குழுக்களில் ஓயாது. காரணம் தெரிந்தால் சண்டை தேவையில்லை.

உயரத் தரவுக்கு ஒரு முக்கிய ஊற்று, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றி ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் தரவு. வடக்கே 60 பாகையிலிருந்து தெற்கே 56 பாகை வரை நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரம் தருகிறது. நுண்ணிய வடிவில் கட்டத்தின் பக்கம் சுமார் 30 மீட்டர். பரும்படி வடிவில் சுமார் 90 மீட்டர். மலைச்சரிவை வெட்டிப் போட்ட 5 மீட்டர் அகலச் சாலையின் உயரம் இந்தக் கட்டத்தில் எப்படிச் சரியாக விழும்? கோடு சற்று இடப்பக்கம் நகர்ந்தால் மேலுள்ள சரிவு, வலப்பக்கம் நகர்ந்தால் கீழுள்ள பள்ளம். சமமாகப் போகும் சாலை வரைபடத்தில் ரம்பப் பல்லாகத் தெரியும். பள்ளத்தாக்கின் மேல் பாலம் இருந்தால், கருவி ஆளை ஆற்றுப்படுகை வரை இறக்கி மறுபடி ஏற்றும். சுரங்கப்பாதை என்றால் மலை உச்சிக்கே ஏற்றிவிடும். அடர்ந்த மரங்களிருந்தால் ரேடார் மரத்தலைக்கு அருகிலேயே திரும்பிவிடும்; காட்டின் விளிம்பு ஒரு மேடாகப் பதிவாகும்.

ஒவ்வொரு கருவியும் இந்தப் பற்களைத் தன் முறையில் தேய்க்கிறது. தேய்க்கும் அளவு மாறினால் கூட்டுத்தொகையும் மாறும். கருவிக்குக் கருவி இடைவெளி பெரிதாக இருந்தால், அந்தத் தடத்தின் உயரத் தரவில் பொய்ப் பற்கள் அதிகம் என்று பொருள். அப்போது எந்தக் கருவியின் மொத்த ஏற்றத்தையும் அறிவிப்பில் பெரிதாகப் போடாதீர்கள்.

பங்கேற்பாளருக்குப் பயன்படுவது மொத்த ஏற்றத்தைவிடத் தனித்தனி மேடுகளின் விவரம். ‘18-வது கி.மீ.-இல் மேடு தொடங்கும், 1.2 கி.மீ. நீளம், 60 மீட்டர் உயரம், சராசரிச் சரிவு 5 சதவீதம், கடைசி 200 மீட்டர் செங்குத்து’ என்று மூன்று மேடுகளைச் சொன்னால், யார் வரலாம், யார் குறுந்தடத்தில் போகலாம் என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். செயலி 20 சதவீதம் என்று காட்டும் 30 மீட்டர் நீளச் சரிவு பெரும்பாலும் தரவுப் பிழை. அதைக் கண்டு தடத்தை மாற்றும் முன் நேரில் பாருங்கள்.

கோப்பு கைமாறும்போது கெடுவது

திரையில் பழுதில்லாத தடம், பங்கேற்பாளரின் கருவிக்குள் போனதும் வேறாக மாறுவதற்குப் பெரும்பாலும் கோப்பு வகையே காரணம். ஜிபிஎக்ஸ் கோப்புக்குள் இரண்டு வேறு பொருள்கள் இருக்கலாம். ‘டிராக்’ என்பது ஆயிரக்கணக்கான புள்ளிகளால் ஆன நிலையான கோடு. ‘ரூட்’ என்பது சில புள்ளிகள் மட்டும். இடையில் உள்ள வழியை ஒவ்வொருவரின் கருவியும் தன் வரைபடத்தை வைத்துத் தானே கணக்கிடும். ‘ரூட்’ கொடுத்தால் ஆளுக்கொரு வழி போவார்கள். கூட்டுப் பயணத்துக்கு எப்போதும் ‘டிராக்’ மட்டுமே.

‘டிராக்’ கொடுத்தாலும், கருவியில் ‘மறுகணக்கீடு’ இயங்கிக்கொண்டிருந்தால் தடத்தைவிட்டு விலகியவுடன் அது தானே புதுவழி போடும். கார்மின் எட்ஜ் என்ற சைக்கிள் ஜிபிஎஸ் கருவிகளில் அமைப்புக்குள் போய் அதை நிறுத்தலாம். தொடக்க அறிவிப்பில் இந்த ஒரு வரியைக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஜிபிஎக்ஸ் டிராக்கில் கோடு போகும். நீங்கள் பாடுபட்டு எழுதிய குறிப்புகள் பல கருவிகளில் வராது. குறிப்புகளோடு போக டிசிஎக்ஸ் அல்லது ஃபிட் கோப்பு வேண்டும். ரைடு வித் ஜிபிஎஸ் மூன்றையும் தரும். டிசிஎக்ஸில் ஒரு பழைய கட்டுப்பாடு இருக்கிறது: குறிப்பின் பெயருக்கு 10 எழுத்துக்குறிகள்தான் எல்லை. தமிழில் எழுதுபவர்களுக்கு இது இன்னும் இறுக்கம். ‘தரைப்பாலம்’ என்பது நம் கணக்கில் ஆறெழுத்து. கணினியோ புள்ளியையும் துணைக்குறியையும் தனித்தனியே எண்ணி அதைச் சரியாகப் பத்து என்று கணக்கிடும். அதற்கு மேல் ஒரு எழுத்து போனாலும் வெட்டுப்படும். ‘இடப்பக்கம்’, ‘வலப்பக்கம்’ இரண்டும் இதே பத்தில் முடிந்துவிடுவது நம் அதிர்ஷ்டம். தமிழ் எழுத்துரு இல்லாத கருவியில் எல்லாமே வெற்றுக் கட்டங்களாகத் தெரியும் என்பதால், பங்கேற்பாளர்களிடம் உள்ள ஒவ்வொரு வகைக் கருவியிலும் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிட்டே மொழியை முடிவு செய்யுங்கள்.

தாளில் அச்சிட்ட வழிக்குறிப்பையும் விட்டுவிட வேண்டாம். அதில் தொடக்கத்திலிருந்து மொத்தத் தூரம், முந்தைய திருப்பத்திலிருந்து இடைத்தூரம், திசை, அடையாளம் என நான்கு பத்தி போதும். இடைத்தூரம் அவசியம். ஒருவரின் சக்கர அளவியில் 1 சதவீதப் பிழை இருந்தாலே 60 கி.மீ. முடிவில் 600 மீட்டர் தள்ளிப்போயிருக்கும். மொத்தத் தூரத்தை மட்டும் நம்பியவர் தவறான சந்தில் திரும்புவார். இடைத்தூரத்தில் அந்தப் பிழை ஒவ்வொரு திருப்பத்திலும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

எந்தக் கருவியும் சொல்லித்தராத சில

தடம் தன்னையே குறுக்கே வெட்டும் 8 வடிவமும், ஒரே சாலையில் போய்த் திரும்பும் பகுதியும் கருவிகளைக் குழப்பும். போகும்போதே திரும்பி வரும் கோட்டைப் பிடித்துக்கொண்டு, மீதி 40 கி.மீ.-ஐ விட்டுவிட்டு ‘முடிவு அருகில்’ என்று சொல்லும் கருவிகள் உண்டு. 8 வடிவம் தவிர்க்க முடியாததென்றால், வெட்டும் இடத்தில் தண்ணீர் வைத்து, அங்கே முதல் கோப்பை முடித்து இரண்டாவது கோப்பைத் தொடங்கச் சொல்லுங்கள்.

வட்டத்தை எந்தப் பக்கம் சுற்றுவது என்பதும் யோசித்துச் செய்ய வேண்டிய முடிவு. எதிரே வரும் வண்டிகளை வெட்டித் திரும்புவதுதான் கூட்டத்துக்கு அபாயமான திருப்பம். சாலையின் இடப்பக்கம் வண்டி ஓட்டும் நாட்டில் வட்டத்தை இடஞ்சுழியாகப் போட்டால் திருப்பங்களில் பெரும்பாலானவை இடத்திருப்பமாகிவிடும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் வலஞ்சுழி. வரைந்தபின் திசையைப் புரட்டினால், நடுத்தடுப்புள்ள சாலைகளில் கோடு எதிர்த்திசைப் பக்கத்தில் விழுந்திருக்கும். குறிப்புகளும் பொருளற்றுப் போயிருக்கும். புரட்டிய தடத்தைப் புதுத்தடமாக நினைத்து முதலிலிருந்து சரிபாருங்கள்.

செயலிகள் தரும் பயண நேரம் சராசரி ஆளுக்கானது. உங்களுக்கு வேண்டியது முதல் ஆளின் நேரமும் கடைசி ஆளின் நேரமும். வேகமானவர் மணிக்கு 24 கி.மீ., மெதுவானவர் 12 கி.மீ. என்று வையுங்கள். 80 பேரை 20 பேராகப் பிரித்து 5 நிமிட இடைவெளியில் விட்டால் கடைசிக் குழு 15 நிமிடம் தாமதமாகக் கிளம்பும். 22-வது கி.மீ.-இல் உள்ள தண்ணீர் மையத்துக்கு முதல் ஆள் 55 நிமிடத்தில் வருவார். கடைசி ஆள் 2 மணி 5 நிமிடத்தில். 44-வது கி.மீ.-இல் அந்த நேரங்கள் 1 மணி 50 நிமிடம், 3 மணி 55 நிமிடம். ஆக முதல் மையத்தை 1 மணி 10 நிமிடமும் இரண்டாவதை 2 மணி 5 நிமிடமும் குறையாமல் திறந்து வைக்க வேண்டும். பஞ்சர், ஓய்வு எல்லாம் இதற்கு மேல். தன்னார்வலர்களிடம் ‘பத்து மணிக்கு வந்துவிடுவார்கள்’ என்று சொல்லாமல் இந்தக் கணக்கைக் கையில் கொடுங்கள்.

கடைசியாக நேரடிச் சோதனை. சைக்கிளிலேயே போக வேண்டும். காரில் போனால் சரிவும் தெரியாது, சாலையின் சொரசொரப்பும் தெரியாது. பயணம் நடக்கும் அதே கிழமை, அதே நேரம். ஞாயிறு காலையில் உறங்கும் சாலை, வார நாளில் கல்குவாரி லாரிகளின் பாதையாக இருக்கலாம். போகும்போது பதிவு செய்த தடத்தைத் திட்டமிட்ட கோட்டின்மேல் ஏற்றி, விலகிய இடங்களை ஒவ்வொன்றாகத் திருத்துங்கள். கோப்பின் பெயரில் தேதியும் பதிப்பு எண்ணும் இருக்கட்டும். புதுப்பதிப்பு வந்ததும் பழையதை அழித்துவிட்டு, ஒரே இணைப்பை மட்டும் புழக்கத்தில் விடுங்கள். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் யாரோ மறுபடி அனுப்பும் முதல் பதிப்புதான் பயண நாளன்று பத்துப்பேரை வழிமாற்றும்.

தடத்தின் ஏதாவது ஒரு பகுதி தனியார் நிலத்தின் வழியே அனுமதி பெற்றுப் போகிறதென்றால் இன்னும் ஒரு வேலை மீதம் இருக்கிறது. அந்த அனுமதி அந்த ஒரு நாளுக்கு மட்டும். பயணம் முடிந்த அன்று மாலையே ரைடு வித் ஜிபிஎஸ் பக்கத்தில் அந்தத் தடத்தைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டு, பொதுச்சாலை வழியே சுற்றிப்போகும் பதிப்பை அதன் இடத்தில் வையுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் முன்பின் தெரியாத யாரோ அந்தக் கோட்டை நம்பி, பூட்டிய வாயில்கதவின் முன் வந்து நிற்பார்.